கூட்டத்தின் பிற்பாதியில் சோர்ந்துவிடும் பிள்ளைகளுக்கு

வணக்கம். 10 முதல் 14 வயது வரையுள்ள 20 பெண் பிள்ளைகள் ஒன்றரை மணி நேரக் கூட்டத்தின் பாதியிலேயே சோர்ந்துவிடுவதாகவும், மூத்தவர்கள் ஒதுங்கி அமர்ந்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். குறை நீங்கள் தேர்ந்தெடுக்கும் விளையாட்டுகளில் இல்லை, அனைவரையும் ஒரே கூட்டமாக வைத்திருப்பதில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

1910இல் பிரிட்டனில் தொடங்கிய பெண் சாரணியர் இயக்கம் இன்றும் கைவிடாத சிற்றணி முறையைப் பின்பற்றிப் பாருங்கள். ஐந்தாறு பேர் கொண்ட அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்த பெண்ணைத் தலைவியாக்கி, அடுத்த கூட்டத்தின் ஒரு நிகழ்வைத் திட்டமிடும் பொறுப்பை முழுமையாக அவளிடமே ஒப்படையுங்கள்.

பேச்சைக் குறைத்துக் கைவேலையைக் கூட்டுங்கள். ஒவ்வோர் அணிக்கும் மூன்று கழிகளும் ஒரு கயிறும் கொடுத்து, நீர் நிரம்பிய வாளியைத் தாங்கும் முக்காலி ஒன்றைக் கட்டச் சொல்லலாம். கட்டு தளர்ந்தால் கால்கள் விரிந்து வாளி தரையைத் தொட்டுவிடும். அப்போது நீங்கள் குறுக்கிடாமல் பொறுத்திருந்தால், எந்தச் சுற்று நழுவியது என்று அவர்களே குனிந்து தேடுவார்கள், ஒதுங்கியிருந்தவர்களும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் எழுந்து வருவார்கள்.

ஓடியாடும் விளையாட்டைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். இறுதியில், அடுத்த முறை எது வேண்டாம் என்பதைப் பெயர் குறிப்பிடாமல் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேரில் கேட்டால் கூச்சத்தால் எல்லாம் நன்றாக இருந்ததென்றே சொல்வார்கள்.