பழைய போர்ஷே 911 (996) வாங்கினால் ரிப்பேர் செலவு கையைக் கடிக்குமா?

கடிக்கும், ஆனால் எங்கே என்று தெரிந்தால் சமாளிக்கலாம். 996 என்ற அந்தத் தலைமுறை 911-இல் பெரிய தலைவலி ஐஎம்எஸ் (இன்டர்மீடியட் ஷாஃப்ட், அதாவது இடைத்தண்டு) பேரிங்தான். எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டுகளை ஓட்டும் இடைத்தண்டின் முனையில் இருக்கும் அந்தச் சின்னப் பொருள் உடைந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும், அமெரிக்காவில் மாற்று எஞ்சினுக்கு 15,000 டாலருக்கு மேலேயே ஆகலாம். கிளட்ச் மாற்றும்போதே பேரிங்கையும் மாற்றினால் சில ஆயிரம் டாலரில் முடியும், கியர்பாக்ஸை எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள். வாங்கும் முன் ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மினுமினுவென்று உலோகத் தூள் இருந்தால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம். முன் பம்பருக்குள் இலைச்சருகு அடைத்து ரேடியேட்டர் அரிப்பது, பின்பக்க ஆயில் கசிவு எல்லாம் இதற்கு முன்னால் சில்லறைச் செலவு. டர்போ, ஜிடி3 மாடல்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, எஞ்சினே வேறு. விலையும்தான்!