‘டாக்டர் ஹூ’ பார்த்துப் பயந்தவர்களுக்கு: சேலத்துக் கேள்வி பதில்

(கேட்டவர்களின் ஊர், தெரு மட்டும் போட்டிருக்கிறேன். கதைகளின் முடிவு அங்கங்கே வெளியே வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.)

அஸ்தம்பட்டி: சார், அறுபது வருஷமா ஓடுற தொடர்னு சொல்றாங்க. பயப்படணும்னா எங்கிருந்துங்க ஆரம்பிக்கிறது?

1963 நவம்பர் 23-ல் பிபிசியில் தொடங்கியதை முதலிலிருந்து பார்க்க வேண்டியதில்லை. 2007-ல் வந்த ‘பிளிங்க்’ போதும். காலத்தில் பயணம் செய்கிற டாக்டர் என்று ஒருத்தர் உண்டு, அது தெரிந்தால் சரி. இந்த எபிசோடில் அவரே கொஞ்ச நேரம்தான் வருவார். கதை சாலி என்ற பெண்ணுடையது. பாழடைந்த வீடு, சில கற்சிலைகள். யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவை கல். கண் சிமிட்டினால் கிட்டே வந்துவிடும்.

அம்மாப்பேட்டை: அண்ணா, நாங்கெல்லாம் முனியப்பன் சாமியோட மீசையையும் முழிச்ச கண்ணையும் பார்த்து வளர்ந்தவங்க. முகத்தைப் பொத்திக்கிட்டு நிக்கிற சிலையைப் பார்த்து எனக்கு எதுக்குங்க உதறுது?

முனியப்பன் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். அவர் முழித்திருப்பதால்தான் நாம் தூங்குகிறோம். ‘பிளிங்க்’கில் அது தலைகீழ். காவல் உங்கள் தலையில் விழுகிறது, அதுவும் உங்கள் இமையை நம்பி. இமை என்றைக்கு நம் பேச்சைக் கேட்டது?

இன்னொன்று கவனித்தீர்களா? அந்தச் சிலைகள் திரையில் ஒரு தடவைகூட நகர்வதில்லை. சாலி வேறு பக்கம் திரும்பியிருக்கும்போதும் அப்படியே நிற்கும், ஏனென்றால் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். காட்சி மாறித் திரும்பும்போது முகத்தைப் பொத்திய கை மட்டும் இறங்கியிருக்கும். சிலையாக நின்றவர்கள் வேஷம் கட்டிய நடிகைகள். 2010-ல் ‘ஃப்ளெஷ் அண்ட் ஸ்டோன்’ எபிசோடில் அவை கழுத்தைத் திருப்புவதைக் காட்டிவிட்டார்கள். எனக்கு அங்கேயே பாதி பயம் போச்சு.

அவை கடிப்பதும் குதறுவதும் கிடையாது. தொட்டால் பழைய காலத்துக்கு அனுப்பிவிடும், நீங்கள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டிய நாட்களைத் தின்னும். சாலியிடம் போன் நம்பர் வாங்கிய இளம் போலீஸ்காரர் பில்லி 1969-க்குப் போய்விடுகிறார். அன்றைய மழை விடுவதற்குள் அவரைக் கிழவராக ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்க்கிறாள். பயப்படலாம் என்று உட்கார்ந்தவன் அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஏற்காடு: பனிமூட்டத்துல பஸ் நடுவழியில நின்னுடுச்சு. சும்மா இருக்காம போன்ல ‘மிட்நைட்’ பார்த்துத் தொலைச்சேன். இருபது கொண்டை ஊசியும் இறங்கி முடியறவரைக்கும் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட வாயே திறக்கலைங்க!

தப்பித்தீர்கள். என்னைக் கேட்டால் இந்தத் தொடரிலேயே இதுதான் முதலிடம். 2008-ல் ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதியது. வைரக் கிரகம் ஒன்று, வெளியே வெயில் பட்டால் உயிர் தங்காது. அங்கே ஒரு சுற்றுலா வண்டி நின்றுவிடுகிறது. யாரும் இருக்கவே முடியாத அந்த வெளிப்பக்கத்திலிருந்து தட்டும் சத்தம். உள்ளேயிருந்து தட்டினால் அதே எண்ணிக்கையில் பதில் வருகிறது.

அப்புறம் ஸ்கை என்ற பயணிக்குள் ஏதோ புகுந்துவிடுகிறது. முதலில் மற்றவர்கள் பேசுவதைத் திருப்பிச் சொல்கிறாள். டாக்டர் சோதித்துப் பார்க்க ‘பை’ (π) என்ற கணித எண்ணின் வர்க்கமூலத்தைத் தசமம் தசமமாக அடுக்குகிறார், அதையும் பிசகாமல் சொல்கிறாள். அடுத்து அவர்கள் பேசும்போதே கூடப் பேசுகிறாள். கடைசியில் டாக்டர் சொல்லப்போவதை அவள் முந்திச் சொல்ல, டாக்டர் அவளைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். எந்த ஊரிலும் பேசியே பிழைத்துவரும் மனிதர் அவர், அந்தப் பேச்சே பறிபோகிறது!

ஆனால் என்னை நடுங்க வைத்தது ஸ்கை இல்லை, கூட வந்த பயணிகள். டாக்டரோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்த குடும்பஸ்தர்கள், கொஞ்ச நேரத்தில் அவரை இழுத்து வெளியே தள்ளப் பார்க்கிறார்கள். பணிப்பெண் ஒருத்தி தன் உயிரைக் கொடுத்து அவரைக் காப்பாற்றுகிறாள். அவள் பேர் என்ன என்று டாக்டர் கேட்கிறார். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

ஏற்காடு, மறுபடியும்: அது என்ன ஜந்துன்னு சொல்லவே மாட்டாங்களா?

2025-ல் ‘தி வெல்’ எபிசோடு அதே கிரகத்துக்குத் திரும்பிப் போகிறது. அங்கேயும் விளக்கம் இல்லை. நல்லதாப் போச்சு.

ஃபேர்லேண்ட்ஸ், ஒரு அம்மா: ‘சைலன்ஸ் இன் தி லைப்ரரி’யை ஏழு வயசுப் பையன் எட்டிப் பார்த்துட்டான். இப்ப நிழலைப் பார்த்தாலே கத்துறான்.

நிழலுக்குள் இருந்து ஆளையே தின்னும் வாஷ்டா நெராடா வருகிற எபிசோடு. பெரியவர்களே அதைப் பார்த்துவிட்டு நிழலை எண்ணுவார்கள்! கொஞ்ச வருஷம் போகட்டும்மா. இந்தத் தொடருக்கு சோஃபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்ப்பது பிரிட்டன் பிள்ளைகளின் பழைய வழக்கம்தான், இருந்தாலும் ஏழு வயசுக்கு நிழல் வேண்டாம்.

பிறகு ‘தி எம்ப்டி சைல்ட்’ போட்டுக் காட்டுங்கள். 1941-ல் குண்டு விழும் லண்டனில், வாயுக் கவசம் மாட்டிய குழந்தை “அம்மாவா நீ?” என்று கேட்டுக்கொண்டே அலையும். அது பேய் இல்லை. செத்த குழந்தையைப் பிழைக்க வைத்த நுண்கருவிகளுக்கு மனித முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது, கவசத்தையே முகம் என்று நினைத்துவிட்டன. இரண்டாம் பாகத்தில் எல்லாரும் பிழைத்துவிடுவார்கள், டாக்டர் துள்ளிக் குதிப்பார். முதல் பாகத்தோடு டிவியை அணைத்துப் படுக்கப் போடாதீர்கள், இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்.

சூரமங்கலம்: கறுப்பு வெள்ளை எபிசோடெல்லாம் அட்டை செட்டு. அதுக்கு யார் சார் பயப்படுவாங்க?

டாக்டரின் பரம எதிரி டாலெக், உலோகக் கூட்டுக்குள் இருக்கும் ஜந்து. 1963 டிசம்பரில் அது முதன்முதலாக வந்த எபிசோடின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். டாலெக் தெரியவே தெரியாது. டாக்டரோடு பயணம் வந்த பார்பரா சுவரோடு ஒட்டி அலறுகிறாள், அவளை நோக்கி ஒரு கை நீளுகிறது. அந்தக் கை என்னவென்றால் அடைப்பு எடுக்கிற ரப்பர் கப்பு! முழு உருவத்துக்கு ஜனங்கள் ஒரு வாரம் காத்திருந்தார்கள். அட்டை செட்டு இருக்கட்டும், டாலெக்கைக் காட்டாமல் விடத் தெரிந்திருந்தது. தலைப்பு இசையையும் ஒருமுறை கேளுங்கள். ரான் கிரெய்னர் எழுதியதை டெலியா டெர்பிஷயர் ஒவ்வொரு ஒலியாக டேப்பில் பதிந்து, வெட்டி ஒட்டிச் செய்தார்.

செவ்வாய்ப்பேட்டை: ராத்திரி கொலுசுப் பட்டறையில வேலைங்க. போனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் காதாலதான் பார்ப்பேன். எது தோதுப்படும்?

‘மிட்நைட்’. முக்கால்வாசி குரலிலேயே நடக்கிறது. ‘பிளிங்க்’கை லீவு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பற்றவைக்கிற நேரத்தில் போனைத் திரும்பிப் பார்த்தால் கை சுடும்.