‘கேடி’ யார்?

கேள்வி: ஐயா, ‘அவன் பெரிய கேடி’ என்கிறோமே, இச்சொல் ‘கேடு’ என்பதிலிருந்து வந்ததா? குழந்தைகளைக் கூட அப்படி அழைப்பது முறைதானா?

பதில்: கேடு செய்பவன் கேடி என்று பொருள் கொள்வது செவிக்கு இனிதாகத்தான் இருக்கிறது, ஆனால் இது ஆங்கிலேயர் காலத்துச் சென்னை மாகாணக் காவல்துறையின் ஏட்டிலிருந்து தெருவுக்கு இறங்கி வந்த சொல். திரும்பத் திரும்பத் திருட்டிலும் கொள்ளையிலும் ஈடுபடுவோரை ‘நோன் டெப்ரடேட்டர்’ (Known Depredator), அதாவது ‘அறியப்பட்ட கொள்ளைக்காரர்’ என்று வகைப்படுத்தி, அவர்களது நடமாட்டத்தைக் கண்காணிக்கக் காவல் நிலையங்களில் பதிவேடு வைத்திருந்தனர். அந்த இரு சொற்களின் முதலெழுத்துகளான ‘கே’, ‘டி’ இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாயின. ஆங்கிலத்தில் ‘நோன்’ என்பதன் முதலெழுத்தாகிய ‘கே’ ஒலிப்பதில்லை; நம் ‘கேடி’யிலோ அதுதான் உரக்க ஒலிக்கிறது! ‘கேடி லிஸ்ட்’ என்னும் வழக்கும் அந்தப் பதிவேட்டின் நிழலே. வள்ளுவரின் ‘கேடில் விழுச்செல்வம்’ என்பதிலுள்ள ‘கேடில்’, கேடு இல்லாத என்று பொருள்படுவது. அதற்கும் இதற்கும் உறவில்லை.

‘முடிச்சவிழ்க்கி’ அப்படியன்று. மடியிலோ முந்தானையிலோ காசை முடிந்து வைத்த காலத்தில், அம்முடிச்சை அவிழ்த்துத் திருடியவனைச் சுட்டிய தூய தமிழ்ச்சொல் அது.

குறும்புக்காரப் பேரனைப் பாட்டி ‘கேடிப்பயல்’ என்று கொஞ்சுவதில் தவறில்லை. அங்கே சொல் தன் நஞ்சை இழந்து, சாமர்த்தியசாலி என்ற பொருளையே தருகிறது. அறிமுகமில்லாத ஒருவரை அவ்வாறு அழைத்தால் வசைதான்.