ஆசிரியர்களும் மாணவர்களும் கலந்துரையாட வாட்ஸ்அப் குழு போதுமா, தனித் தளம் வேண்டுமா?

அறிவிப்பு சொல்ல மட்டும் என்றால் வாட்ஸ்அப் போதும். கலந்துரையாடலுக்குப் போதாது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், ஆகவே ஆள் கணக்கு பிரச்சினை இல்லை. எல்லாப் பேச்சும் ஒரே ஓட்டமாகப் போவதுதான் பிரச்சினை. காலையில் ஒருவர் கேட்ட சந்தேகம் மாலைக்குள் வணக்கங்களிலும் நன்றிகளிலும் தொலைந்துவிடும், அடுத்த மாதம் அதையே வேறொருவர் கேட்பார். சிறுவர்களின் கைபேசி எண் முன்பின் தெரியாதவர்கள் கையில் போவதும் நல்லதல்ல.

வகுப்பு ஏற்கெனவே மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தில் நடந்தால் அதிலுள்ள கருத்துக்களமே போதும். அதில் 'கேள்வி பதில்' வகையைத் தேர்ந்தெடுங்கள். மாணவர் தன் பதிலை இட்ட பிறகே மற்றவர்கள் எழுதியதைப் பார்க்க முடியும், அதனால் பார்த்து எழுதுவது நின்றுவிடும். ஆனால் பதிலிட்ட உடனேயும் மற்ற பதில்கள் தெரியாது. திருத்தும் நேரம் முடிய வேண்டும், அது வழக்கமாக 30 நிமிடம். இதை முன்பே சொல்லாவிட்டால் தளம் பழுது என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

பல வகுப்புகள், பல ஊர் ஆசிரியர்கள் என்று விரிந்தால் டிஸ்கோர்ஸ் (Discourse) நல்லது; அது நம் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் கலந்துரையாடல் மென்பொருள். குறைந்தது 1 ஜிபி ரேம், 10 ஜிபி இடம் உள்ள சர்வர் வேண்டும். 2 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும் இடம் மின்னஞ்சல். பல சர்வர் நிறுவனங்கள் மடல் அனுப்பும் வழியான 25ஆம் எண் போர்ட்டை அடைத்து வைத்திருப்பதால், தனி மின்னஞ்சல் சேவை ஒன்றை 587ஆம் போர்ட் வழியாக இணைத்து, மடல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் (SPF), டிகேஐஎம் (DKIM) பதிவுகளை உங்கள் டொமைனில் (தள முகவரியில்) சேருங்கள். இல்லாவிட்டால் உறுதிப்படுத்தும் மடல் ஸ்பாமுக்குப் போகும், யாராலும் கணக்குத் தொடங்க முடியாது. மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள்! பேக்கப்பை அதே சர்வரில் விடாமல் வெளியே ஓரிடத்தில் வையுங்கள்.

திறக்கும்போது மூன்று நான்கு பிரிவுகள் போதும். இருபது காலிப் பிரிவுகளைப் பார்த்தால் யாருக்கும் எழுதத் தோன்றாது. ஐந்தாறு ஆசிரியர்களைக் கொண்டு உண்மையான கேள்விகளோடு பத்து இழைகளாவது (ஒரு கேள்வியும் அதற்கான பதில்களும் சேர்ந்தது ஓர் இழை) முன்பே தொடங்கி வையுங்கள். ஆசிரியர்களுக்கு மட்டுமான பிரிவும் தேவை. அது மாணவர் கண்ணில் படுகிறதா என்று சோதனை மாணவர் கணக்கு ஒன்றில் நுழைந்து பாருங்கள், விடைக்குறிப்பு கசிவது பெரும்பாலும் இங்கேதான். மாணவர் கணக்குகளுக்குத் தனிமடல் வசதியை நிறுத்தி வையுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் குழு செத்துப்போவது இரண்டு காரணங்களால். ஒன்று, கேள்வி. "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்று கேட்டால் முதல் ஆள் பாடப்புத்தகத்தை ஒட்டுவார், மீதிப் பேர் "அதேதான்" என்பார்கள். "இருட்டில் முளைத்த பயறு வெளிச்சமே இல்லாமல் நெடுநெடுவென்று வளர்கிறதே, உணவு எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். ஒருவர் விதையிலைக்குப் போவார், இன்னொருவர் ஏன் வெளிறியிருக்கிறது என்பார். மாணவர் கேள்விக்கும் இதே அக்கறை வேண்டும். "சந்தேகம்" என்ற தலைப்பைத் தேடி எடுக்கவே முடியாது. "3/4 ÷ 1/2 இல் ஏன் திருப்பிப் பெருக்குகிறோம்?" என்று மாற்றி எழுதிக் கொடுங்கள்.

இரண்டு, ஆசிரியரின் அவசரம். பத்து நிமிடத்தில் அவர் பதில் சொல்லிப் பழக்கினால் மாணவர்கள் ஒருவருக்கொருவர் பேசவே மாட்டார்கள். தேர்வுத் தேதி, கடவுச்சொல் போன்றவற்றுக்கு உடனே சொல்லுங்கள். பாடக் கேள்விக்கு ஒரு நாள் பொறுங்கள். தவறான பதில் வந்தாலும் முதலில் "எந்த வரியில் அப்படி மாறியது?" என்று கேளுங்கள். இரண்டாம் நாளும் தவறாகவே நின்றால் திருத்தி, சரியான பதிலைத் தீர்வு என்று குறித்துவிடுங்கள். தேடி வருபவர் கண்ணில் முதலில் படுவது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.