பெங்கலீஸ் கூட்டில் நெல்லுக்குருவிக் கலப்பு: குஞ்சுகளை என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் ஐயா, தம்பலகாமத்திலிருந்து எழுதுகிறேன். வயல் வேலையோடு, முற்றத்தில் வலையடித்த பெரிய கூடு ஒன்றில் பெங்கலீஸ் பிஞ்சஸ், சீப்ரா பிஞ்சஸ் என்கிற சின்னக் கூட்டுக் குருவிகளை வளர்த்து விற்கிறேன். போன பெரும்போகத்தில் வரம்போரப் பற்றையை வெட்டும்போது கூட்டோடு விழுந்த நெல்லுக்குருவிக் குஞ்சு ஒன்றை, குஞ்சு வைத்திருந்த ஒரு பெங்கலீஸ் சோடியிடம் விட்டேன். அவை தங்கள் குஞ்சோடு சேர்த்து வளர்த்துவிட்டன. இப்போது அது ஒரு பெங்கலீஸ் பேட்டோடு சேர்ந்து மூன்று குஞ்சு பொரித்திருக்கிறது. பேடு திரும்பவும் முட்டையிடத் தொடங்கிவிட்டது. கலப்புக் குஞ்சு பாவம், அழித்துவிடு என்கிறார் ஒரு நண்பர். புது நிறம் என்று நல்ல விலைக்குக் கேட்கிறார் ஒரு கடைக்காரர். வயலில் திறந்துவிட்டால் என்ன என்றும் யோசனை. எது சரி?

பதில்: தம்பி, அழிக்கவும் வேண்டாம், கடைக்குக் கொடுக்கவும் வேண்டாம். வயலில் விடுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். இந்த மூன்றில் அதுதான் ஆகக் கெட்டது.

முதலில் ஒன்றை உறுதிப்படுத்துங்கள். அந்தக் குஞ்சுகள் உண்மையிலேயே கலப்புத்தானா? பெங்கலீஸ் ஒரே கூட்டுக்குள் நாலைந்தாக அடைந்து படுக்கிற சாதி. ஒரு பேட்டின் முட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இட்டுவிடும். குஞ்சின் நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. நெல்லுக்குருவிக் குஞ்சு முதல் இறகு உதிரும்வரை வெறும் மண்ணிறம்தான், நெஞ்சில் செதில் புள்ளி பிறகுதான் வரும். பெங்கலீஸிலும் ஆண், பேடு பார்வைக்கு ஒன்றுதான். ஆண் மட்டும்தான் பாடும். காலையில் கூட்டுக்கு அருகே கொஞ்ச நேரம் அசையாமல் இருந்து பாருங்கள். பெங்கலீஸ் ஆண் வயிற்று இறகை உப்பிக்கொண்டு, கிறீச்சிட்ட குரலில் பாடிக்கொண்டே பேட்டை நோக்கித் துள்ளித் துள்ளி வரும். நெல்லுக்குருவி பாடும்போது அலகு அசைவதும் தொண்டை துடிப்பதும் தெரியும், சத்தம் உங்கள் காதுக்கு எட்டுவதே கஷ்டம். எது அந்தப் பேட்டின் மேல் ஏறுகிறது என்பதைக் கண்டால் சந்தேகம் தீர்ந்தது.

கலப்புத்தான் என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. பெங்கலீஸ் என்பது காட்டில் கிடைக்கிற பறவை இல்லை. கிழக்காசியாவின் வெண்முதுகுச் சில்லையை நெடுங்காலம் கூட்டில் வளர்த்து உருவாக்கியது. அந்தச் சில்லை இனம் இலங்கையிலும் உண்டு. உங்கள் வயலுக்கு வருகிற நெல்லுக்குருவி, அதாவது புள்ளிச் சில்லையும் அதற்கு நெருங்கிய சொந்தம். போதாததற்கு உங்கள் குருவி கண் திறந்ததிலிருந்து பெங்கலீஸைத்தான் தாய் தகப்பனாகக் கண்டிருக்கிறது. பெங்கலீஸிடம் வளர்ந்த சீப்ரா ஆண்கள் பெரிதானபின் தங்கள் இனத்தை விட்டு பெங்கலீஸ் பேட்டையே தேடிப்போவதை 1960களில் கிளவுஸ் இம்மெல்மான் என்ற ஜெர்மன் ஆய்வாளர் காட்டினார். குருவி மேல் என்ன பழி? சேர்த்துவிட்டது நீங்கள். ஆனால் ஒரு குஞ்சைக் காப்பாற்றப் போய் நடந்த காரியம் இது, அதற்காக மனதைப் போட்டு வருத்தாதீர்கள். பொறுப்பு இனிமேல்தான்.

பாவம் என்ற பேச்சையும் ஒருக்கால் பார்ப்போம். சீப்ராவில் வெள்ளையும் சாம்பலும் கலந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. மாட்டில் ஜேர்சியும் சிந்தியும் சேர்ப்பது போலத்தான் அது, ஒரே இனத்துக்குள். இரண்டு இனம் கலந்தாலும் குஞ்சு நோயாளியாகத்தான் பிறக்கும் என்றில்லை. தின்னும், பறக்கும், மற்றதுகளோடு குளிக்கும். பிறந்துவிட்ட உயிரை இனத் தூய்மைக்காகக் கொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

சிக்கல் அடுத்த தலைமுறையில். பறவைகளில் கலப்புப் பேடு மலடாகவோ ஆயுசு குறைந்தோ போவது அதிகம், ஆணில் குறைவு. இந்த விதியை ஹால்டேன் என்ற ஆங்கிலேய உயிரியல் ஆய்வாளர் 1922இல் எழுதினார். பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து புவனேஸ்வரில் காலமான அதே ஹால்டேன்தான். பேடு மலடாக இருந்தாலும் உங்கள் குஞ்சுகளில் ஆணாக இருப்பது இனம் பெருக்கக் கூடும். அதைத் தம்பலகாமத்து வயலில் விட்டால், விதை முற்றும் காலத்தில் வந்திறங்குகிற கூட்டத்தோடு சேர்ந்துவிடும். கூட்டுக்கென்றே மனிதன் தெரிந்தெடுத்த குணம் காட்டுக்குருவியின் இரத்தத்தில் ஏறினால் பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. கூட்டு நோயும் கூடவே போகும்.

கடைக்காரர் விஷயம் இன்னும் யோசிக்க வேண்டியது. 1920களில் ஜெர்மனியில் கானரி என்கிற கூட்டுப் பாட்டுக்குருவிக்குச் சிவப்பு நிறம் ஏற்ற வெனிசுவேலாவின் சிவப்புச் சிஸ்கின் குருவியோடு சேர்த்தார்கள். கானரி சிவந்தது. அந்தச் சிஸ்கினை வலை போட்டுப் பிடித்துப் பிடித்து இன்று அது அழியும் நிலையில் நிற்கிறது. உங்கள் மூன்று குஞ்சு நல்ல விலைக்குப் போனது என்று ஊரில் தெரிந்தால், அடுத்த போகத்தில் எத்தனை பொடியன்கள் வலையோடு வயலில் நிற்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வாங்குகிறவரும் பெங்கலீஸ் என்று நம்பித் தன் சோடியோடு விடுவார். பிறகு அவருடைய குஞ்சு எது, கலப்பு எது என்று யாருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நெல்லுக்குருவியை இன்றைக்கே தனிக் கூட்டுக்கு மாற்றுங்கள். காட்டுப் பறவையைக் கூட்டில் வைத்திருப்பது சட்டத்தோடு சம்பந்தப்பட்டது; அதைத் திரும்ப விடுவதா, எப்படி விடுவது என்று வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள். குஞ்சுகள் தானாகத் தின்னத் தொடங்கி, ஏறக்குறைய ஆறு வாரம் ஆனதும் வேறு கூட்டுக்குப் பிரித்து, மற்றெதற்கும் போடாத ஒரு நிறத்தில் பிளாஸ்டிக் வளையம் போடுங்கள். கொப்பியில் தாய், தகப்பன், பொரித்த தேதி எழுதுங்கள். பாடுவதை வைத்து ஆணைத் தெரிந்துகொண்டு, ஆணை ஆணோடும் பேட்டைப் பேட்டோடும் வையுங்கள். இனம் பெருக்கமாட்டேன் என்கிற நம்பிக்கையான ஆளுக்கு, உள்ளதைச் சொல்லி, இனாமாகக் கொடுக்கலாம். சீப்ராவும் பெங்கலீஸோடு கலக்கும், ஆகையால் அவற்றுக்கு நடுவிலும் ஒரு வலைத் தடுப்பு வேண்டும். கானரி வைத்திருந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது வேறு குடும்பம், இவற்றோடு சேராது.

இப்போது இருக்கிற முட்டைகள். இட்டு இரண்டு மூன்று நாள்தான் என்றால் எடுத்துவிட்டு, அதே அளவு பிளாஸ்டிக் முட்டையை வையுங்கள். சும்மா எடுத்தால் பேடு உடனே அடுத்த ஈட்டுக்குப் போகும்; இட்டு இட்டுச் சுண்ணாம்புச் சத்து வற்றி, முட்டை அடைத்துச் செத்தும் போகலாம். பொய் முட்டையில் இரண்டு கிழமைக்கு மேல் இருந்து களைத்துத் தானே எழும்பட்டும். டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது சிவப்பு நரம்பு ஓடியிருந்தால், நானாக இருந்தால் பொரிக்க விட்டுவிடுவேன், மூன்றோடு இன்னும் சிலது, அவ்வளவுதானே. நிலாவெளிப் பக்கம் கரையொதுங்குகிற கணவாய் ஓட்டைப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்துக் கூட்டில் கட்டிவிடுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்தப் பேட்டுக்குக் கூடு வைக்கச் சட்டி கொடுக்காமல் ஆறவிடுங்கள்.