டிபியும் குடியேறியவர்களும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கே: இங்கிலாந்தில் காசநோயாளிகளில் பெரும்பாலோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு நாம்தான் பரப்புகிறோமா?

ப: முதல் பாதி உண்மை, சுமார் 80 சதவீதம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்தான். ஆனால் அவர்களில் பலருக்குக் கிருமி சொந்த ஊரிலேயே உடம்புக்குள் போய், வருஷக்கணக்கில் சும்மா கிடந்து, அப்புறம் விழித்திருக்கிறது. இங்கிலாந்தில் யாரும் பரப்பி வந்ததல்ல அது.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை இப்போது கிருமியின் மரபணுவைப் படித்தே கணிக்கிறார்கள். சுமார் 44 லட்சம் வேதி 'எழுத்துகள்' கொண்ட மரபணுத் தொகுப்பு அது. இரண்டு பேருடைய கிருமிகளுக்கு நடுவே 12 எழுத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒருவர் மற்றவருக்கு அண்மையில் கொடுத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டென்மார்க்குக்கு 1990களில் சோமாலியர்கள் நிறைய வந்தார்கள், அவர்களிடையே டிபியும் அதிகம். கிருமிகளை ஒப்பிட்டபோது, அவர்களிடமிருந்து டேனிஷ்காரர்களுக்குப் பரவியது ஏறக்குறைய இல்லை. காரணம் எளிது: பரவுவதற்கு ஒரே அறைக் காற்றை மணிக்கணக்கில் பகிர வேண்டும். புதிதாக வந்தவர்கள் அப்படிப் பழகுவது பெரும்பாலும் தங்களுக்குள்தான். ஆக, ஆபத்து யாருக்கு என்று கேட்டால், முதலில் நம் வீட்டில் இருப்பவர்களுக்கு.

எதிர் உதாரணமும் உண்டு. வடக்கு லண்டனில் 2000-இல் கவனத்துக்கு வந்த, ஐசோனியாசிட் என்ற முக்கிய டிபி மருந்துக்குக் கட்டுப்படாத டிபி, சிறைகள் வழியாகவும் போதைப்பழக்கம் உள்ளவர்களிடையேயும் பரவியது. மற்ற டிபி நோயாளிகளோடு ஒப்பிட்டால், அதில் அங்கேயே பிறந்தவர்களின் பங்கு அதிகம். இதைத் தலைப்புச் செய்தியாக்க ஏனோ யாருக்கும் அவ்வளவு ஆர்வம் இல்லை.

கே: எக்ஸ்ரே சரியாக இருந்துதான் விசா கிடைத்தது. மூன்று வருஷம் கழித்து டிபி எப்படி வந்தது?

ப: நோய் நுரையீரலைத் தாக்கியிருந்தால்தான் எக்ஸ்ரேயில் தெரியும். தூங்கும் கிருமி தெரியாது. அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இந்தியா போல டிபி மிகுந்த நாடுகளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் வந்த 16 முதல் 35 வயதுக்காரர்களுக்காக இங்கிலாந்தில் தனித் திட்டமே உண்டு. உங்கள் ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) கேளுங்கள். தொற்று இருந்தால் இரண்டு மருந்துகளை மூன்று மாதம் சாப்பிட்டால் போதும். தொற்று உள்ள 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் எப்போதாவது நோயாக மாறும் என்பதால், ரிசல்ட் பாசிட்டிவ் என்றதும் பதற வேண்டாம்.

கே: மச்சானுக்குக் கழுத்தில் கட்டி, டிபி என்றார்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா?

ப: வேண்டாம். தட்டில் டிபி பரவாது. நெறிக்கட்டி டிபி பொதுவாக மற்றவருக்கு ஒட்டாது. நுரையீரலிலும் இருக்கிறதா என்று பார்த்தார்களா, அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: என் அறைத் தோழரிடம் விசா இல்லை. இருமிக்கொண்டே இருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறார்.

ப: இங்கிலாந்தில் டிபி பரிசோதனையும் சிகிச்சையும் எல்லோருக்கும் இலவசம், விசா இல்லாதவருக்கும்தான். வழக்கமான டிபி என்றால் மாத்திரை தொடங்கிய இரண்டு வாரத்தில் பரப்பும் தன்மை பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் ஆறு மாதமும் முடிக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் என்றால் நாளைக்கே கூட்டிப் போங்கள், நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.