நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை: கேட்டதும் சொன்னதும்

ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் பல டிசம்பர்களைக் கழித்தவன் நான். ஹாப்ட்மார்க்ட் சதுக்கத்தில் நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பிள்ளைகளுக்கு லீவு 24-இல்தான் தொடங்குகிறது. 25, 26 தேதிகளில் வரலாமா?

பதில்: இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்றால் தப்பித்தீர்கள். பண்டிகை நாளில்தான் கடைத்தெரு களைகட்டும் என்று நாம் நினைப்போம். இங்கே சந்தை என்பது பண்டிகைக்குக் காத்திருக்கும் நாட்களுக்கானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறு இருக்கிறதே, அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை தொடங்கி, 24 மதியம் 2 மணியோடு முடிந்துவிடும். அப்புறம் 26 முடியும்வரை சூப்பர்மார்க்கெட்கூடப் பூட்டியிருக்கும். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று 25 காலையில் வந்து இறங்கி, காலிச் சதுக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு, ரயில் நிலையத்தில் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பியது. டிசம்பரின் முதல் இரண்டு வாரங்களில், செவ்வாய் புதன் போல ஒரு நாளில் வாருங்கள். சனிக்கிழமை மாலை மட்டும் வேண்டவே வேண்டாம், நகரக்கூட இடம் இருக்காது.

கேள்வி: தொடக்க விழா பார்க்கத் தகுந்ததா?

பதில்: கூட்டம் பிடிக்கும் என்றால். மாலை ஐந்தரைக்கு சதுக்கத்து மாதா கோயிலின் மாடத்தில் பொற்கிரீடமும் சுருள் முடியுமாக ஒரு பெண் வந்து நின்று, செய்யுளாகச் சந்தையைத் திறந்துவைப்பாள். 'கிறிஸ்ட்கிண்ட்' என்பது அவள் பட்டம். 16 முதல் 19 வயதுக்குள் உள்ள உள்ளூர்ப் பெண்ணை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். உயரத்தைக் கண்டால் தலை சுற்றக்கூடாது என்பதும் ஒரு தகுதி!

கேள்வி: போட்டோவுக்கு எந்த நேரம் நல்லது, பகலா இரவா?

பதில்: இரண்டு முறை போங்கள். பகல் 12-க்கு அந்தக் கோயில் முகப்பை அண்ணாந்து பாருங்கள். 1509-இல் செய்த பொம்மைக் கடிகாரம் அது. பேரரசர் நான்காம் கார்ல் நடுவில் உட்கார்ந்திருக்க, பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு பேர் அவரை மூன்று முறை வலம் வருவார்கள். பேரரசரை யார் தேர்ந்தெடுப்பது என்று வகுத்த 1356-ஆம் ஆண்டு ஆணையின் நினைவு. அப்புறம் காபி குடித்துவிட்டு நாலேகாலுக்குத் திரும்பி வாருங்கள். வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே விளக்குகள் எரியும், கடைகளின் சிவப்பு வெள்ளைக் கோட்டுத் துணிக்கூரைகள் அப்போதுதான் எடுபடும்.

கேள்வி: கட்டடங்கள் எல்லாம் அசலா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் பழைய நகரம் ஏறக்குறைய முழுதும் அழிந்தது. இப்போது பார்ப்பது மீண்டும் எழுப்பியது. சதுக்கத்துக்கு அதைவிடப் பழைய காயம் ஒன்றும் உண்டு. இங்கே யூதர் குடியிருப்பு இருந்தது. 1349 டிசம்பரில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்று, வீடுகளை இடித்துத்தான் சந்தைத்திடலை அமைத்தார்கள். இடிக்க அனுமதி தந்தவர், கடிகாரத்தில் வீற்றிருக்கும் அதே கார்ல். கோயில் நிற்பது யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்த இடத்தில். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பொம்மைகளைப் பார்ப்பது வேறு அனுபவம்.

கேள்வி: நாங்கள் சைவம், முட்டையும் இல்லை. பட்டினியா?

பதில்: கொஞ்சம் கஷ்டம்தான். ஊரின் பெருமையான விரல்நீளத் தொத்திறைச்சி பன்றியில் செய்வது. லேப்கூகன் என்ற மசாலா கேக்கில் பட்டை, கிராம்பு மணக்கும், ஆனால் வழக்கமாக முட்டை சேர்ப்பார்கள். உருளைக்கிழங்கு அடையிலும் பெரும்பாலும் முட்டை உண்டு, கேட்டு வாங்குங்கள். சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாமும் சுட்ட கஷ்கொட்டையும் கைகொடுக்கும். பிள்ளைகளுக்கு மது கலக்காத சூடான பழரசம், 'கிண்டர்புன்ஷ்' என்று கேளுங்கள்.

கேள்வி: சூடான ஒயினுக்குப் பலகையில் போட்ட விலையைவிட அதிகம் வாங்கினார்கள். ஏமாற்றா?

பதில்: இல்லை, அது கோப்பைக்கான முன்பணம். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் காசு வரும். பிடித்திருந்தால் வீட்டுக்கே கொண்டுபோகலாம், யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சதுக்கத்து நீரூற்றில் வளையத்தைச் சுற்றினால் நினைத்தது நடக்குமாமே?

பதில்: எல்லாரும் பளபளக்கும் பித்தளை வளையத்தைச் சுற்றுவார்கள். கம்பிவேலியில் இரும்பு வளையம் ஒன்றும் இருக்கிறது, அதுதான் அசல் என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். நான் இரண்டையும் சுற்றியாயிற்று. கையுறை போட்டுக்கொண்டு சுற்றுங்கள், இரும்பு சில்லிடும்.